நிற்க வைத்த பிஸ்கட்டுகள்

ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் ஆளுயரக் கரும்பலகை ஒன்று இருந்தது. எந்த வண்டி எவ்வளவு தாமதமாக வரும் என்பதை அதில் சுண்ணக்கட்டியால் எழுதுவதே ஓய்வு பெறும் வரை என் உத்தியோகம். வண்டிகளின் தாமதத்திற்கு நான் பொறுப்பாளன் அல்லேன். ஆனால் அவை அழகாகத் தாமதமாயின என்றால் அந்தப் பெருமை முழுவதும் என்னையே சாரும். 'தாமதம்' என்னும் சொல்லை என்னைப்போல் எழுத ஆளில்லை என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்று வீட்டில் வந்து சொன்னவனும் நானே. பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் பயணி, பலகையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எழுத்து மட்டும் நல்லா இருக்கு" என்பார். அந்த 'மட்டும்' என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஓய்வு பெற்றபின் இத்தகைய பெருமையை வைத்துக்கொள்ள வீட்டில் இடம் போதவில்லை. எங்களுடையது இரண்டாம் மாடியில் உள்ள சிறு வீடு. சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்த இருவராக என் மனைவியும் மருமகளும் எப்போதும் இருந்தபடியால், நான் கூடத்தில் செய்தித்தாளும் கையுமாக, யாரேனும் கூப்பிடமாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பேன். மகன் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தான். அவனும் கூப்பிடுவதில்லை.

மருமகள் வேலை பார்த்த அலுவலகத்தை அவ்வாண்டின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அவள் சும்மா இருக்கும் இயல்பினள் அல்லள். அக்கம்பக்கத்து வீடுகளின் பிறந்தநாள்களுக்கும் விடுமுறைக் கால விருந்துகளுக்கும் சர்க்கரை பிஸ்கட் செய்து, அவற்றின்மேல் வண்ண ஐசிங்கால் கோலாகலமாக அலங்கரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். மணி, நட்சத்திரம், இலை, வீடு என்று வடிவங்கள். அவள் கைபட்டால் வெறும் மாவு வட்டம்கூட விருந்துக்குப் புறப்பட்டதுபோல் ஆகிவிடும்.

நான் சொல்லவந்த அந்நாளில் அவளுக்கு இரண்டு கெடுக்கள் இருந்தன. பெரிய விருந்துக்கூடம் ஒன்றை நடத்தும் அம்மாள், அவளுடைய மாதிரித் தட்டைப் பார்க்க மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் கூடத்து விருந்துகளுக்கெல்லாம் பிஸ்கட் இவளே செய்யலாம். மற்றொன்று, நகரின் மறுகோடியில் உள்ள கிடங்கு. அங்கே பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. வருகிறேன், வரவில்லை என்னும் இரண்டில் ஒன்றை அன்று ஐந்து மணிக்குள் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். கிடங்கு பிடிக்கவில்லை என்று அவள் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் கிடங்கிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம், ஈரமே இல்லாத கையைத் துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் எடுப்பாள். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காலை சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு அத்தை. எழுத்துதான் பயமா இருக்கு. பூ போடச் சொன்னா கண்ணை மூடிட்டுப் போடுவேன். 'வாழ்த்துகள்'னு எழுதணும்னா மட்டும் கை நடுங்குது."

நான் செய்தித்தாளை மடித்தேன். அந்த ஓசையிலேயே என் விண்ணப்பம் அடங்கியிருந்தது. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"எழுத்துதானேம்மா? அதுக்கு நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யோசிக்கிறேன்" என்றாள் என் மனைவி. பிறகு மருமகளிடம், "கண்ணு, இவரு பலகையில எழுதினவரு. பேப்பர்ல எழுதினதை நீ பார்த்ததில்லையே? நிச்சயம் ஆனதும் எனக்கு ஒரு லெட்டர் போட்டாரு. ஒரு எழுத்து புரியல. மருந்துக் கடையில குடுத்தா மாத்திரை ஏதாவது தருவானோன்னு நினைச்சேன்."

"அது அவசரத்துல எழுதினது."

"நாலு பக்கம். அவசரம்!"

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு மறுப்பது கடினம். "சரி மாமா, நீங்களே எழுதுங்க. நான் போய் அட்டைப் பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்" என்று கூறி, எனக்குத் தொழில் நுணுக்கத்தை விளக்கினாள்.

ஐசிங் என்பது பொடித்த சர்க்கரையையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் எலுமிச்சைச் சாற்றுடன் அடித்துச் செய்யும் பூச்சு. அதற்கு இரண்டு பதம். பற்பசை போன்ற கெட்டிப் பதத்தைக் காகிதக் கூம்பில் நிரப்பிப் பிதுக்கி, பிஸ்கட்டின் ஓரத்தில் முதலில் வேலி கட்ட வேண்டும். பின்னர்த் தேன் போன்ற இளகிய பதத்தை வேலிக்குள் ஊற்றி, பல்குச்சியால் மூலை முடுக்கெல்லாம் தள்ளிவிட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக அவள் ஊற்றி வைத்த வெள்ளைப் பூச்சு, இப்போது கண்ணாடி போல் மேசைமீது மின்னிக்கொண்டிருந்தது.

"மேல் தோல் காஞ்சிருக்கும் மாமா. அதனால எழுதலாம். ஆனா உள்ள இன்னும் ஈரமாத்தான் இருக்கும். அழுத்தாம எழுதுங்க. மணியில 'வாழ்த்துகள்', நட்சத்திரத்துல 'வருக', இலையில 'நன்றி'. அவ்வளவுதான்."

"இவ்வளவு விளக்கம் எதுக்கும்மா? ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்கு எழுதினவன் நான்!"

"எல்லாம் லேட்டா வந்த வண்டி" என்றாள் மனைவி.

மருமகள் புறப்பட்டுப் போனாள். மனைவி துணி காயப்போட மேல்மாடிக்குப் போனாள். சமையலறை முழுவதும் எனக்கே எனக்கென்று வாய்த்தது. வயிற்றைத் தாராளமாக வெளியே விட்டேன்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மனைவி கடிதத்தைப் பற்றிச் சொன்னது சரியே. நின்றபடி, கையை அந்தரத்தில் உயர்த்தி, செங்குத்தான பரப்பில் எழுதினால்தான் எனக்கு எழுத்து வரும். மேசைமீது குனிந்தேனாயின் என் கை வேறொருவர் கையாகிவிடும். முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மணிக்கட்டு குறுக்கே வந்து நிற்கும். சம்பளப் பட்டியலில் நான் இட்ட கையெழுத்தையே, இது நான் இட்டதுதானா என்று அலுவலகத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

இருந்தபோதிலும், சர்க்கரை என்மீது இரக்கம் காட்டும் என்று நம்பினேன். சிவப்பு ஐசிங் நிரப்பிய கூம்பை எடுத்து, முதலில் ஒரு காகிதத்தில் 'வாழ்த்துகள்' என்று எழுதிப் பார்த்தேன். ஈர மணலில் நண்டு ஒன்று வழிதவறி ஓடியதுபோல் இருந்தது. மறுபடியும் எழுதினேன். இம்முறை நண்டு குடும்பத்தோடு வந்திருந்தது.

அப்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில் இருந்த தட்டு ஸ்டாண்டு என் கண்ணில் பட்டது. கழுவிய தட்டுகளை வரிசையாக நிற்க வைக்கும் கம்பிச் சட்டம் அது. தட்டு நிற்கும் இடத்தில் பிஸ்கட் நிற்காதா? தட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, ஸ்டாண்டைத் துடைத்து, ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தேன். சரியாக என் மார்பின் உயரம். பழைய பலகையின் நடுவரி எங்கே இருந்ததோ அங்கே. பெரிய மணி பிஸ்கட்டை இரு கைகளாலும் ஏந்திக் கொண்டுபோய் முன்கம்பியில் நிறுத்தினேன். அது சமர்த்தாக நின்றது.

நான் இரண்டடி பின்வாங்கினேன். தொண்டையைச் செருமினேன். கையை உயர்த்தினேன்.

அடடா! அந்த 'வா' வளைந்து வந்த அழகை எப்படிச் சொல்வேன்! 'ழ்' தன் வாலை ஒய்யாரமாகச் சுழற்றிக்கொண்டது. பல்லாண்டுக்காலம் பிறருடைய தாமதத்தை எழுதியே தேய்ந்த கை, முதன்முறையாக ஒரு நற்செய்தியை எழுதியது. எழுதி முடித்ததைப் பின்கம்பிக்குத் தள்ளி, அடுத்ததை முன்னால் நிறுத்தினேன். நட்சத்திரங்கள், இலைகள், மணிகள் எல்லாம் பரிசு வாங்க வந்தவர்களைப்போல் வரிசையில் நின்றன. மருமகள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் மதித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அழுத்தவில்லை. எழுத்துப்பிழை இல்லை. நிற்க வைக்கக் கூடாது என்று அவள் சொல்லவும் இல்லை. பிஸ்கட்டை நிற்க வைத்து எழுதும் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மேலிருந்து வந்த மனைவியை அழைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். அவளிடமிருந்து இதைக் காட்டிலும் பெரிய விருது இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. பிறகு, "அது ஏன் எல்லாம் நின்னுக்கிட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"நின்னு பார்த்தாத்தான் எழுத்துக்கு எடுப்பு."

"படுக்க வச்சுடுங்க. எதுக்கு வம்பு?"

"அவ வந்து பார்க்கட்டும். இப்படியே பார்க்கட்டும்."

இவ்வளவுதான் நான் செய்த தவறு: என் மருமகள் கதவைத் திறந்ததும், வரிசையாக நிற்கும் என் எழுத்தைக் கண்டு வாய்பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதியச் சாப்பாட்டை முடித்து, வெற்றி பெற்றவனுக்குரிய நிதானத்தோடு நாற்காலியில் சாய்ந்தேன். கண் செருகியது.

"ஏங்க" என்று மனைவியின் குரல் கேட்டது. "உங்க எழுத்து கிளம்பிடுச்சு."

எழுந்து ஓடினேன். ஃபிரிட்ஜின் தலைமேல் உள்ள இளஞ்சூட்டைப் பற்றி எனக்கு எவரும் சொன்னதில்லை. வெள்ளைப் பூச்சின் மேல்தோல் காய்ந்திருந்தது. உள்ளே இருந்த ஈரம், மருமகள் சொன்னபடியே, ஈரமாகவே இருந்தது. அந்த ஈரத்தின்மீது அந்தத் தோல் முழுசாக, மெல்ல மெல்ல, என் எழுத்தைச் சுமந்தபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்து அழியவில்லை. ஒரு சுழி கலையவில்லை. 'வாழ்த்துகள்' தன் மிடுக்குக் குறையாமல், இடுப்பு நழுவிய வேட்டி போல் மணியின் அடிவிளிம்பில் வந்து தொங்கியது. நட்சத்திரம் ஒன்று தன் 'வருக'வை முற்றிலும் கைவிட்டுவிட்டு மொட்டையாக நின்றது. அந்த 'வருக' கம்பியில் கிடந்து யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தது.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் தட்டில் படுக்க வைத்தேன். அதுவரை இறங்காதவற்றிலும் என் விரல்கள் பதிந்தன.

"விடுங்க, விடுங்க. நீங்க தொடத் தொட அதுவும் சேர்ந்து போகுது" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்தியது.

அந்நேரம் பார்த்து மருமகள் பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். தட்டைப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் மேல் இருந்த ஸ்டாண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நிக்க வச்சீங்களா மாமா?"

"ஆமாம்மா."

"ஏன் மாமா?"

"எனக்கு... படுத்திருக்கிறதுல எழுத வராதும்மா."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். புதிதாகப் பூச்சு ஊற்றிக் காயவைக்க நேரமில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. என் மனைவி அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கை அங்கே இருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள்.

"வெறும் பிஸ்கட் மிச்சம் இருக்கு இல்ல அத்தை, டப்பாவுல? அதை எடுங்க. பூச்சு வேணாம். கெட்டி ஐசிங்குல வெறும் கோடு மட்டும் போடறேன். அது சீக்கிரம் காஞ்சிடும்."

"நான் என்னம்மா செய்யட்டும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க மாமா." அன்பாகத்தான் சொன்னாள். "அந்தத் தட்டை மட்டும் என் கண்ணுல படாத எடத்துல வச்சிடுங்க."

மேசையில் இடமில்லை. அலமாரியில் இடமில்லை. கூடத்தில் வைத்தால் விருந்துக்கூடத்து அம்மாளின் கண்ணில் படும். யோசித்து, என் வாழ்நாளின் இரண்டாவது சிறந்த யோசனையாக, அதை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடினேன்.

அதன்பின் கூடத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிற பிஸ்கட்டின்மேல் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. இலைக்கு நரம்புகள், நட்சத்திரத்திற்குக் கதிர்கள், மணிக்கு ஒரு கயிறு. அவள் கை நடுங்கவில்லை. மூக்கு நுனியில் வியர்வை அரும்பியபோது என் மனைவி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். நான் செய்தித்தாளின் பக்கத்தைக் கூடத் திருப்பவில்லை. காற்றுப் பட்டுவிடப்போகிறதே என்று.

கடைசி இலைக்கு நரம்பு போட்டுக் கூம்பைக் கீழே வைத்தபோது அழைப்பு மணி ஒலித்தது.

விருந்துக்கூடத்து அம்மாள் உயரமானவர். கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா எழுந்திருக்க நேரமாகும்" என்று சொல்லி நேரே சமையலறைக்குள் போனார். இலை வடிவ பிஸ்கட் ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து உடைத்து, அந்த ஓசையைக் கேட்டார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார்.

"நல்லா உடையுது. வெண்ணெயும் நல்ல வெண்ணெய். எழுத்து ஒண்ணையும் காணோமே?"

"எழுத்து எனக்குச் சரியா வராதுங்க மேடம்" என்றாள் மருமகள். "வரும்னு சொல்லிட்டு அப்புறம் முழிக்க வேணாம்னு பார்த்தேன்."

"ம்ம். ஒரு தடவைக்கு எத்தனை வைப்ப? ஓவன் பெரிசா?"

இப்படிக் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஓவனின் கதவைத் திறந்தார்.

அம்மாளின் பின்னாலேயே சமையலறைக்குள் வந்திருந்த நான், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் நின்றிருந்தேன். அங்கே ஆள் நுழைய முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அம்மாள் தட்டை வெளியே இழுத்தார். அவசரத்தில் உள்ளே வைத்தபோது நான் தட்டைச் சாய்த்திருக்க வேண்டும். 'வாழ்த்துகள்' இப்போது மணியை விட்டே இறங்கித் தட்டில் காலை நீட்டியிருந்தது. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இது என்னது?"

"முதல்ல செஞ்ச தட்டு மேடம். கெட்டுப்போச்சு" என்றாள் மருமகள். "நான்தான் சரியா..."

"நான்தாங்க" என்று சந்திலிருந்து குரல் கொடுத்தேன்.

அம்மாள் திரும்பி, குரல் வந்த திசையைத் தேடி, என்னைக் கண்டுபிடித்தார்.

"நீங்களா? எப்படி ஐயா? மேசை மேல வச்ச பிஸ்கட் எப்படி வழியும்?"

"நிக்க வச்சேங்க."

"எதுக்கு?"

"எனக்கு நின்னு எழுதித்தாங்க பழக்கம்."

"நீங்க நிக்கிறீங்க, சரி. பிஸ்கட் ஏன் நிக்கணும்?"

"நானும் அதைத்தாங்க கேட்டேன்" என்றாள் என் மனைவி, சமயம் பார்த்து.

அம்மாள் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்போ இந்தத் தட்டை எப்போ செஞ்ச?"

"அது கெட்ட பிறகுதாங்க. இப்பத்தான் முடிச்சேன்."

"அழுதியா?"

மருமகள் இக்கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்லீங்க. நேரமில்ல."

அம்மாள் இன்னோர் இலையை எடுத்து உடைத்தார். இம்முறை ஓசையைக் கேட்கவில்லை. "எனக்கு முன்னாடி செஞ்சு குடுத்த பொண்ணு இதைவிட அழகா செய்யும். ஆனா ஏதாவது உடைஞ்சு போச்சுன்னா போனை எடுக்காது. விருந்து அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டு நான்தான் பைத்தியம் மாதிரி நம்பர் அடிச்சுக்கிட்டே இருப்பேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் குழந்தைங்க விருந்து ஒண்ணு இருக்கு. சின்னது. அதை நீ செய். சரியா வந்தா மேற்கொண்டு பேசலாம். இப்பவே எல்லாம் உனக்குத்தான்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நம்பாத."

"சரிங்க மேடம்."

"எழுத்து வேணாம். அதுக்கு அட்டை அடிச்சு வச்சுக்கிறேன்." புறப்படும்போது சந்தின் அருகில் நின்றார். "உங்க எழுத்து மட்டும் நல்லா இருக்கு ஐயா" என்றார். இம்முறை அந்த 'மட்டும்' காதில் விழுந்தது.

அவர் போனபின் என்னைச் சந்திலிருந்து வெளியே எடுப்பதற்குச் சிறிது நேரம் பிடித்தது. மனைவி கையைப் பிடித்து இழுக்க, மருமகள் ஃபிரிட்ஜை அசைத்துக் கொடுத்தாள். வெளியே வந்தவன், குற்றத்திற்குச் சாட்சியாக மேசைமேல் கிடந்த தட்டை ஒழிப்பதே என் முதற்கடமை என்று கருதி, இலை ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். மனைவியும் ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

மருமகள் கைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு விருந்து அத்தை. அதுவும் அடுத்த மாசம். கிடங்குன்னா நிச்சயமான வேலை."

"நீ நைட்டு வேலைக்குப் போய்ட்டு வந்து பகல்ல தூங்குவ. இவரு வீட்டுல சும்மா இருப்பாரா? எனக்குத் துணைக்கு ஆள் வேணும்" என்றாள் மனைவி. பிறகு கேலியை விட்டுவிட்டு, "உனக்கு எது மனசுக்குப் பிடிக்குதோ அதைச் சொல்லு கண்ணு. வீடு ஓடும்" என்றாள்.

"மாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த வீட்டில் எவரும் கேளாமலே எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லி வந்தவன் நான். முதன்முறையாக என்னைக் கேட்டு ஒரு கேள்வி வந்தபோது, 'நன்றி' என்று எழுதிய இலை முழுவதும் என் வாய்க்குள் இருந்தது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை. அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொள்ளவில்லை.

எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். நானும் மனைவியும் மெல்லுவதை நிறுத்தினோம். நன்றாக உடையும் பிஸ்கட் அது. மென்றால் கிடங்கு வரை கேட்கும். கன்னங்கள் உப்பியபடி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சிலைபோல் நின்றோம்.

"ஆமாங்க, நான்தான் பேசறேன்" என்றாள் மருமகள். "இல்லீங்க. வேலைக்கு நான் வரலீங்க... யோசிச்சுட்டேங்க. ஆமாங்க, நல்லா யோசிச்சுட்டேன். ரொம்ப நன்றிங்க."

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு நெடிய மூச்சு விட்டாள். பிறகு எங்கள் இருவரின் கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெல்லுங்க மாமா" என்றாள்.

மென்றேன்.